தட்டைப் பிரிக்காத பந்தி

பொட்டிபுரம், சிலமலை, தேவாரம் ஆகிய அடிவார ஊர்களிலிருந்து எங்கள் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு வருவோரில் பலர் ஏலத்தோட்டத் தொழிலாளர்கள். விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியே இடுக்கி மலைக்குச் சென்று, பொழுது சாயும் வேளையில் திரும்புகிறவர்கள். மருத்துவமனைக்கு ஒருநாள் வருவதென்றால் ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். அண்மைக் காலத்தில் இவர்களோடு வடமாநிலத்தவரும் வருகின்றனர். ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வந்து, தோட்டத்து லயங்களில் தங்கிப் பணிபுரிகின்ற இளைஞர்கள் அவர்கள். தமிழும் அறியார், மலையாளமும் அறியார்.

அத்தகைய இளைஞர் ஒருவரைப் பற்றி அவருடைய ஒப்புதலோடும், அவரை அடையாளம் காட்டும் செய்திகளை நீக்கியும் இங்கு எழுதுகிறோம். அவருடைய கதை எங்களுக்கு ஒரு பாடம் கற்பித்தது. அப்பாடத்தை எங்களுக்கு உணர்த்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர். மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிறு கிறிஸ்தவச் சபையார்.

கோப்பில் எழுதாத கேள்வி

மூன்று வார இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவற்றோடு அவர் முதன்முறை வந்தார். சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாயிற்று. எடைக்கேற்ப மாத்திரைகளை வழங்கினோம். ஆறு மாதம் தவறாது உட்கொள்ள வேண்டுமென்று இந்தி அறிந்த செவிலியர் ஒருவரைக் கொண்டு விளக்கினோம். எங்கள் கடமை நிறைவேறிற்று என்றே எண்ணினோம். மறுமாதம் அவர் வரவில்லை. கோப்பில் "வரவில்லை" என்ற ஒரு சொல் மட்டும் எழுதப்பட்டது.

மூன்று மாதம் கழித்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எடை மேலும் ஆறு கிலோ குறைந்திருந்தது. மருந்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று வினவினோம். அவர் மருந்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. தட்டைப் பற்றிக் கூறினார். நோயின் பெயர் தெரிந்த அன்றிரவே உடன் தங்கியிருந்தோர் அவருடைய தட்டையும் குவளையையும் தனியே எடுத்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டார்களாம். சில நாள் வெளியே அமர்ந்து உண்டார். பின்னர் மாத்திரை விழுங்குவதை எவரும் காணக்கூடாதென்று நிறுத்தினார். அதன்பின் அந்த லயத்தையே விட்டு வெளியேறினார்.

அவருடைய நுரையீரலைப் படம் எடுத்தோம், இரத்தத்தை ஆராய்ந்தோம், எடையைக் குறித்தோம். ஆனால் "இன்றிரவு எங்கே தங்குவீர்கள்? யாரோடு அமர்ந்து உண்பீர்கள்?" என்று கேட்கத் தவறினோம். அவர் வராமற்போனதற்கு அவரை மட்டும் குறைகூற எங்களுக்கு உரிமையில்லை.

இடையில் மருந்தை நிறுத்தியவர்களுக்கு மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகியிருக்கக்கூடும். நல்வேளையாக, மீண்டும் செய்த சோதனையில் அவருக்கு அந்நிலை இல்லையெனத் தெரிந்தது. இரண்டு வாரம் உள்நோயாளராக வைத்து மருந்தை மீண்டும் தொடங்கினோம். அக்காலத்தில் எங்கள் வார்டுக்குப் பக்கத்துப் படுக்கை நோயாளரைக் காண வந்த சபை மூப்பர் ஒருவர், இவரைக் காண எவரும் வராததைக் கவனித்திருக்கிறார். இளைஞர் வீடு திரும்பும் நாள் நெருங்கியபோது அம்மூப்பர் எங்கள் அறைக்கு வந்து கேட்டார்: "டாக்டர், ஆலயத்துக்குப் பின்னாடி ஓர் அறை காலியா இருக்கு. தம்பியை அங்கே தங்க வைக்கலாம்னு சபையில பேசியிருக்கோம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடுவோம். அவரையும் பந்தியில உக்கார வைக்கலாமா? இல்ல, தனியாத்தான் வைக்கணுமா?"

இக்கேள்விக்குரிய விடையை ஒவ்வொரு நோயாளரின் குடும்பமும் அறிந்திருக்க வேண்டும் என்பதாலேயே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மருத்துவம் தரும் விடை

நுரையீரல் காசநோய் காற்றின் வழியே பரவுவது. நோயாளர் இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் நுண்துளிகளில் கிருமிகள் மிதக்கின்றன; காற்றோட்டமற்ற அறையில் நெடுநேரம் உடனிருப்போர் அவற்றைச் சுவாசிக்கின்றனர். தட்டு, குவளை, படுக்கை விரிப்பு, கைகுலுக்கல் ஆகியவற்றால் அது பரவுவதில்லை. ஆகவே தட்டைப் பிரிப்பதால் எவருக்கும் பாதுகாப்புக் கிடைப்பதில்லை. நோயாளரின் மனம் மட்டுமே புண்படுகிறது.

மருந்துக்குக் கட்டுப்படும் காசநோயில், மாத்திரைகளை முறையாக உட்கொள்ளத் தொடங்கிய ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பிறருக்குப் பரப்பும் ஆற்றல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதுவரை முகக்கவசம் அணிதலும், சன்னல் திறந்த தனியறையில் உறங்குதலும், கைக்குழந்தைகளிடமிருந்து விலகியிருத்தலும் வேண்டும். மருந்துக்கு அடங்காத வகையாயின் மருத்துவர் கூறும் கால அளவே கணக்கு.

ஆதலால் மூப்பரிடம், "தாராளமாகச் சேர்ந்து உண்ணலாம், காற்றோட்டமான இடமாக இருந்தால் போதும்" என்றோம். "அப்போ புளியமரத்தடியிலேயே இலை போட்டுருவோம், டாக்டர்" என்று கூறி விடைபெற்றார். தொற்றுத் தடுப்புக்கு அதைவிடச் சிறந்த அறிவுரையை நாங்களும் கூறியிருக்க இயலாது.

விருந்து என்பவர் புதியவர்

மருத்துவமனைக்கும் விருந்தோம்பலுக்கும் உள்ள உறவு மிகப் பழைமையானது. ஹாஸ்பிடல் என்னும் சொல்லும் ஹோட்டல் என்னும் சொல்லும் ஹோஸ்பெஸ் என்ற ஒரே இலத்தீன் வேரிலிருந்து பிறந்தவை. விருந்தினர், விருந்தளிப்பவர் ஆகிய இருவரையும் அச்சொல் குறிக்கும். நம் மொழியிலும் விருந்து என்ற சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதே. புதிதாய் வந்தவரை அது குறித்தது. அவருக்குப் படைத்த உணவை விருந்து என்றது பின்னர் வந்த வழக்கு. உறவினருக்கு இடுவதைவிட, முன்பின் அறியாதவருக்கு இடுவதே அச்சொல்லின் மூலப்பொருளுக்கு நெருக்கமானது. திருக்குறள் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது. நள்ளிரவு மழையில் வந்த அடியவருக்காக, அன்று விதைத்த நெல்லையே வாரிவந்து சமைத்த இளையான்குடி மாற நாயனாரின் வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது.

கிறிஸ்தவ மரபில் இவ்வறம் தொடக்கத்திலேயே நோயாளரோடு இணைந்து விட்டது. அந்நியரை ஏற்றுக்கொள்வதையும் நோயுற்றவரைக் காணச் செல்வதையும் மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் ஒரே வரிசையில் வைக்கிறது. அவர்களுக்குச் செய்தது தமக்கே செய்ததென இயேசு கூறுவதாக அது அமைகிறது. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள செசரியா நகரின் ஆயரான பசில், ஒரு பெரும் பஞ்சத்தை அடுத்து, நகருக்கு வெளியே வழிப்போக்கருக்கும் வறியவருக்கும் நோயாளருக்குமாக ஒரு பெரிய இல்லத்தை அமைத்தார். மருத்துவமனை வரலாற்றில் முன்னோடியாகப் போற்றப்படும் இடங்களில் அதுவும் ஒன்று. ஊரார் விரட்டிய தொழுநோயாளரை அவர் அணைத்து வரவேற்றதாக, அவருடைய நண்பரான நசியான்சு கிரகோரி தம் இரங்கலுரையில் பதிவு செய்துள்ளார். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் வகுத்த துறவிகளுக்கான ஒழுங்கில், நோயாளரைப் பேணுவதற்கு ஓர் இயலும் விருந்தினரை வரவேற்பதற்கு ஓர் இயலும் உள்ளன.

பந்தியில் நேர்ந்த சோதனை

விருந்தோம்பல் பற்றிப் பேசுவது எளிது. ஒரே பந்தியில் அமர்வது அரிது. நம் மதுரைச் சீமையின் வரலாறே இதற்குச் சான்று. 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன், 1840களில் தன் ஊழியர்கள் சாதி வேற்றுமையைக் கைவிட்டதற்கு அடையாளமாகச் சேர்ந்து உண்ண வேண்டுமென்று வற்புறுத்தியது. உபதேசியார் பலர் அதற்கு இணங்காமல் பணியை விட்டு விலகினர். வேதம் கற்றவர்களும் தட்டின் முன் தயங்கினார்கள். இதைப் பழிக்கும் நோக்கத்தோடு இங்கே கூறவில்லை. சாதியின் பெயரால் அன்று பிரிந்த தட்டு, நோயின் பெயரால் இன்றும் நம் வீடுகளில் பிரிவதை நாங்கள் காண்கிறோம்.

அச்சோதனையில் வென்றோரும் உண்டு. அவர்களுள் இருவர் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் என்பதில் எங்களுக்குப் பெருமிதம். 1921இல் திருப்பத்தூரில் தமிழரான மருத்துவர் சவரிராயன் ஏசுதாசனும், ஸ்காட்லாந்து நாட்டவரான மருத்துவர் ஏர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். கதராடை, தரையில் அமர்ந்து உண்ணும் எளிய சைவ உணவு, ஏழை எளியவர்க்கு மருத்துவம் என்பன அவ்விடத்தின் வாழ்க்கைமுறை. வெள்ளையர் ஆட்சி நிலவிய அக்காலத்தில் ஆங்கில மருத்துவர்கள் துரை என்றே அழைக்கப்பட்டனர். இவ்விருவரையோ மக்கள் பெரியண்ணன் என்றும் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். கடல் கடந்து வந்த அந்நியர் ஒருவர் சின்னண்ணன் ஆனார். தம் ஊருக்கு வந்த வேற்று நாட்டவரை அம்மக்கள் உறவுமுறை கூறி வரவேற்றார்கள். அவரும் அவர்களோடு தரையில் அமர்ந்து உண்டார். அங்கே விருந்தினர் யார், விருந்தளித்தவர் யார் என்று பிரித்துக் காண முடியாது.

எங்கள் வட்டாரத்துக்கு அருகே, 1955இல் ஒட்டன்சத்திரத்தில் மருத்துவர்கள் ஏ. கே. தரியனும் ஜேக்கப் செரியனும் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையும் இவ்வாறு கூடிவாழும் நோக்கத்தோடு எழுந்ததே. அவ்வூரின் பெயரிலேயே சத்திரம் இருப்பது பொருத்தமன்றோ? வழிப்போக்கருக்கு இடமளித்த மங்கம்மாள் சத்திரம் இன்றும் மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கிறது. மருத்துவமனைகள் பெருகிய நம் காலத்தில், நோயாளருக்கும் உடனிருப்போருக்கும் சத்திரங்கள்தாம் குறைந்துவிட்டன.

உணவும் மருந்தின் ஒரு பகுதியே

சேர்ந்து உண்பது மனத்துக்கு இதமளிப்பதோடு நின்றுவிடுவதில்லை. ஜார்க்கண்டில் இந்திய ஆராய்ச்சியாளர்கள் நடத்திய ரேஷன்ஸ் என்னும் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. காசநோயாளர் 2,800 பேருக்கும் அவர்தம் வீட்டாருக்கும் அதில் ஊட்டச்சத்து உதவி ஆராயப்பட்டது. கூடுதல் உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை கூடிய நோயாளரிடையே இறப்பும் குறைவாக இருந்தது. அரிசி, பருப்பு, எண்ணெய், பால்பொடி, சத்து மாத்திரை ஆகியவையே கொடுக்கப்பட்டவை; அரிய பொருள் எதுவும் இல்லை.

அரசும் இதை ஏற்றுள்ளது. சிகிச்சைக் காலத்தில் நோயாளரின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் செலுத்தப்பட்ட 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2022 செப்டம்பரில் தொடங்கிய நிக்ஷய் மித்ரா ஏற்பாட்டின்படி, தனிமனிதரோ, நிறுவனமோ, வழிபாட்டுச் சபையோ ஒரு நோயாளரின் உணவுப் பொறுப்பை, அவருடைய ஒப்புதலோடு, ஏற்கலாம். ஆலயமாயினும் கோயிலாயினும் பள்ளிவாசலாயினும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவை அணுகினால் வழிகாட்டுவார்கள்.

சமாரியர் செய்தவை

நல்ல சமாரியரின் உவமையை மருத்துவரின் கண்கொண்டு வாசித்தால் வியப்பு மேலிடுகிறது. வழியில் அடிபட்டுக் கிடந்த, தம் இனத்தவர் அல்லாத ஒருவரைக் கண்டு அவர் இரங்கியதோடு நின்றுவிடவில்லை. காயங்களுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினார், அது முதலுதவி. தம் வாகனத்தில் ஏற்றினார்; அதை இன்று ஆம்புலன்ஸ் என்போம். சத்திரத்தில் சேர்த்து அன்றிரவு உடனிருந்தார். மறுநாள் சத்திரக்காரரிடம் பணம் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக உறுதியளித்தார்; அதுவே தொடர்கவனிப்பு. நாங்கள் அவ்விளைஞருக்கு முதல்முறை செய்தது இவற்றுள் முதலாவதை மட்டுமே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அடிபட்டவரிடம் சமாரியர் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. அவருடைய கொள்கை யாதென்றும் வினவவில்லை. படுக்கையில் கிடப்பவரால் மறுத்துக் கூற இயலாது. அவருடைய இயலாமையைக் கருவியாக்கி மதத்தையோ கட்சியையோ வேறெதையுமோ ஏற்கச் செய்வது விருந்தோம்பல் ஆகாது. அதற்கு வாணிகம் என்று பெயர். அவர் தாமாக விரும்பிக் கேட்டாலன்றி எந்தச் சமயத்தாரும் வார்டில் சமயப் பேச்சைத் தொடங்க வேண்டா என்று நாங்கள் வேண்டிக் கொள்கிறோம். இளைஞரை ஏற்ற சபையார் இதில் மிகத் தெளிவாக இருந்தனர். ஞாயிற்று ஆராதனைக்கு அவரை அழைக்கவில்லை. ஆராதனை முடிந்தபின் பந்திக்கு அழைத்தார்கள்.

வரவேற்போர் கவனத்திற்கு

நோயுற்ற புதியவர் ஒருவரை உங்கள் வீடோ சபையோ ஏற்க முன்வருமாயின், சில செய்திகளை மனத்தில் கொள்க. அவருடைய நோயின் பெயரைப் பிறருக்குச் சொல்லும் உரிமை அவருக்கே உரியது. கூட்டு மன்றாட்டிலும் அவருடைய அனுமதியின்றி அதைக் குறிப்பிட வேண்டா. இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் எவரையும் விலக்காமல், பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள். நீரிழிவு உடையவருக்கு இனிப்புப் பலகாரத்தையும், சிறுநீரக நோயாளருக்கு இளநீரையும் அன்பின் மிகுதியால் வற்புறுத்தாதீர்கள். என்ன உண்ணலாம் என்று முதலில் கேளுங்கள். மாத்திரை உண்ணும் வேளையை நினைவூட்டுங்கள். கண் மஞ்சளானாலும், பார்வை மங்கினாலும், வாந்தி நிற்காவிடினும் உடனே எங்களிடம் அனுப்புங்கள். சிறுநீர் செம்மஞ்சளாவது மருந்தின் நிறமே, அஞ்ச வேண்டுவதில்லை.

நோயாளராகிய உங்களுக்கும் ஒரு சொல். பிறரிடம் தங்குவதற்கும் உண்பதற்கும் கூசாதீர்கள். தங்க இடமில்லை, துணைக்கு ஆளில்லை, உண்ண வழியில்லை என்றால் அதையும் இருமலைச் சொல்வதுபோலவே எங்களிடம் சொல்லுங்கள். அது உங்கள் தன்மானத்தைக் குறைக்கும் செய்தியன்று. உங்கள் சிகிச்சையைத் தீர்மானிக்கும் செய்தி. எங்கள் பிரிவில் இப்பொழுது ஒவ்வொரு புதிய நோயாளரிடமும் அவ்விரண்டு கேள்விகளைக் கேட்கிறோம்: இன்றிரவு எங்கே தங்குவீர்கள்? யாரோடு அமர்ந்து உண்பீர்கள்? விடைகள் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதப்படுகின்றன.

ஆறாம் மாதம்

அவ்விளைஞர் சிகிச்சையை நிறைவு செய்தார். கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. ஆறு மாதத்தில் எடை ஒன்பது கிலோ கூடியிருந்தது. இறுதி வருகையின்போது மூப்பரின் மனைவியும் உடன் வந்திருந்தார். செவிலியர் இந்தியில் பேசத் தொடங்குமுன் இளைஞர் தமிழிலேயே, "அத்தை சொல்லிக் குடுத்தாங்க" என்று அந்த அம்மையாரைக் காட்டிச் சிரித்தார். எவ்வாறு தேறினார் என்று நாங்கள் கேட்டதற்கு அந்த அம்மையார் கூறிய விடை சுருக்கமானது: "நாங்க ஒண்ணும் பெருசா செய்யல, டாக்டர். வந்த அன்னிக்கே வரிசையில உக்கார வச்சு ஒரு இலை போட்டோம். அவ்வளவுதான்."

அந்த ஓர் இலை போட்டிருக்காவிடில் நாங்கள் கொடுத்த மாத்திரைகள் மீண்டும் வீணாகியிருக்கும். உங்கள் இல்லத்தில் எவருடைய தட்டாவது இன்று தனியே வைக்கப்பட்டிருந்தால், இவ்விதழைப் படித்து முடித்தபின் அதை உள்ளே எடுத்து வையுங்கள். ஐயம் இருந்தால் எங்களிடம் வந்து கேளுங்கள். மூப்பர் கேட்ட அதே கேள்வியை நீங்களும் கேட்கலாம். விடை கூற நாங்கள் காத்திருக்கிறோம்.